பெயர் சொல்லும்வரை பிணம்

மெக்சிகோவின் தெக்கோயோத்லா ஊரில் வருடத்துக்கு ஒரு நாள் போர். மே மாதம் ஐந்தாம் தேதி காலை பத்து மணிக்குத் தொடங்கி மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும். மேட்டுத்தெருக்காரர்கள் பிரெஞ்சுப் படை, பள்ளத்தெருக்காரர்கள் மெக்சிகோ படை. ஜெயிப்பது எப்போதும் பள்ளத்தெருதான். பாட்டன் பூட்டன் காலத்து நிஜப் போரிலேயே முடிவான விஷயம் அது. ஆனாலும் மேட்டுத்தெருக்காரர்கள் ஒவ்வொரு வருடமும் இந்தத் தடவை ஒரு கை பார்த்துவிடுவது என்ற வீறாப்போடுதான் இறங்கி வருவார்கள். அந்த வீறாப்பு இல்லாவிட்டால் வெடிமருந்து வாங்கின காசு தண்டம்.

தோற்கப் போகிறவர்களுக்கு ஆறுதலாக ஒரு சலுகை உண்டு. பிரெஞ்சு ஜெனரலின் முதல் வெடிக்கு எதிரே யார் நிற்கிறாரோ அவர் விழ வேண்டும். துப்பாக்கி வானத்தைப் பார்த்துத்தான் வெடிக்கும், உள்ளே இருப்பதும் காகிதச் சுருள்தான். இருந்தாலும் விழுந்தவர் அந்த வருடத்துப் பிணம். போர் முடிந்ததும் ஜெனரல் பிணத்தின் பக்கத்தில் மண்டியிட்டு, ஞானஸ்நானப் பெயர் சொல்லி மூன்று தடவை கூப்பிட வேண்டும். கூப்பிட்டால்தான் பிணம் எழுந்திருக்கலாம். பிறகு அதை அவரே முதுகில் சுமந்து மாதா கோயில் வாசலுக்குக் கொண்டுபோய், தன் கையால் முதல் வாய் மோலே குழம்பும் வான்கோழிக் கறியும் ஊட்டிவிட வேண்டும். அதுவரை ஊரில் ஒருத்தர் வாயிலும் ஒரு விள்ளல் இறங்கக் கூடாது. யார் இந்த முறையை வைத்தார்கள் என்று தெரியாது. கொன்றவனுக்குச் செத்தவன் பெயராவது தெரிந்திருக்கட்டும் என்று வைத்திருப்பார்கள் என்பாள் விழாக்குழுத் தலைவி தோன்யா செஃபெரினா. விசில் அவளிடம் இருப்பதால் அதுவே சரியான விளக்கம் என்று ஊர் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

நிக்கானோராவுக்கு இந்த வருடம் பிணமாகியே தீர வேண்டும்.

ஜெனரல் அவள் கூடப்பிறந்த தம்பி எவோதியோ. அவள் வாழ்க்கைப்பட்டது பள்ளத்தெருவில், அவன் மேட்டுத்தெருவில் கறிக்கடை வைத்திருக்கிறான். பதினோரு வருடமாக அவன் அவள் பெயரைச் சொல்வதில்லை. அவள் கடைக்குப் போனால் முகத்தைப் பார்க்க மாட்டான். “அந்தம்மாவுக்கு என்ன வேணுமாம்?” என்று தராசைக் கேட்பான். அவளும் விடாக்கண்டி. “ரெண்டு கிலோ எலும்பு வேணுமாம்னு சொல்லு” என்று தராசிடமே சொல்லி வாங்கிக்கொண்டு வருவாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பாதி மீசை. பதினோரு வருடத்துக்கு முன் இதே போரில், செருப்புத் தைக்கும் அவள் புருஷன் ஃபிதென்சியோ மருந்தை அளவுக்கு மீறிக் கிட்டித்துவிட்டான். துப்பாக்கி பக்கவாட்டில் பளிச்சென்று சீறியதில் எதிரே நின்ற ஜெனரலின் மீசை வலது பக்கம் மட்டும் பொசுங்கிப் போனது. இடது பக்கம் முறுக்கியது முறுக்கியபடி நின்றது. நாலு ஜில்லாவில் அப்படி ஒரு மீசை கிடையாது என்று அவனுக்குப் பெருமை. போர் நின்றது. சதுக்கமே மூச்சு விடாமல் பார்த்தது. அப்போதுதான் நிக்கானோரா சிரித்தாள். அவள் சிரிப்பு லேசில் வராது, வந்தால் நிற்காது. ஊரே தொற்றிக்கொண்டு சிரித்தது, பிரெஞ்சுப் படை உட்பட.

சுட்ட மைத்துனனை எவோதியோ ஒரு வாரத்தில் மன்னித்துவிட்டான். சிரித்த அக்காவைத்தான் மன்னிக்க முடியவில்லை. மறுநாளே மன்னிப்புக் கேட்கத்தான் போனாள் பாவம். கதவைத் திறந்தவன் மிச்சப் பாதியை எடுக்க மனசு வராமல் அப்படியே வைத்திருந்தான். அவள் வாயைத் திறந்தாள், மன்னிப்பு வருவதற்கு முன்னால் சிரிப்பு வந்து தொலைத்தது. கதவு சாத்தப்பட்டது. மீசை ஆறு மாதத்தில் முளைத்துவிட்டது. மனஸ்தாபம்தான் வளர்ந்துகொண்டே போனது.

ஏப்ரல் மாதக் கூட்டத்தில் எவோதியோ எழுந்து, முழங்கால் வலிக்கிறது, இதுதான் எனக்குக் கடைசி வருடம், அடுத்த வருடம் வாத்தியாரிடம் வாளைக் கொடுத்துவிடுங்கள் என்று சொன்னான். இந்த வருடம் விட்டால் தம்பி வாயால் தன் பெயரைக் கேட்க நிக்கானோராவுக்கு வழியே இல்லை. நாம் செத்த பிறகு கூப்பிடுவானோ என்னவோ, அதைக் கேட்க நாம் இருக்க மாட்டோமே என்று நினைத்தாள். அன்று இரவே முடிவு செய்துவிட்டாள்.

பள்ளத்தெருவுக்கு ஒன்பது வருடமாக நிரந்தரப் பிணம் ரொட்டிக்கடை தோர்க்வாத்தோ. சிவப்புக் கழுத்துத் துண்டும் ஓட்டை விழுந்த பனைத் தொப்பியுமாக நீரூற்றுப் பக்கம் நிற்பார். துண்டைப் பார்த்ததும் ஜெனரல் சுடுவான். விழுந்த பிறகு உயிர் போக அவருக்குக் கால் மணி நேரம் ஆகும். அம்மா என்பார், மெக்சிகோ வாழ்க என்பார், தண்ணீர் கேட்பார், தண்ணீர் வந்தால் புல்கே கள் இல்லையா என்பார். ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கும். மே நாலாம் தேதி சாயங்காலம் நிக்கானோரா அவர் கடைக்குப் போனாள்.

“தோர்க்வாத்தோ, நாளைக்கு ஒன் எடத்துல நான் சாகறேன்.”

“தாராளமா சாவு தாயி. ஒம்பது வருஷமா செத்துச் செத்துப் பொழச்சு எனக்கு இடுப்பே போச்சு. ஆனா விஷயம் தெரிஞ்சா ஒன் தம்பி எனக்குக் கறி போட மாட்டானே?”

“ஒனக்கும் சேத்து நான் வாங்கித் தரேன்.”

“ஒனக்கே தராசுதான் கறி போடுது, பேச வந்துட்டா!” என்று சொல்லிக்கொண்டே அவர் துண்டையும் தொப்பியையும் எடுத்துக் கொடுத்தார்.

வீட்டில் ஃபிதென்சியோ நம்பவில்லை. “அவன் பேரு சொல்லலைன்னா என்ன பண்ணுவ?”

“சொல்ற வரைக்கும் படுத்திருப்பேன்.”

“உச்சி வெயில்லயா?”

“ஊருக்கே பசிக்கும்ல. அவனுக்கும் வயிறு இருக்குல்ல. சொல்லித்தானே ஆகணும்?”

எப்படிப் படுப்பது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஊருக்கு வெளியே குன்றின்மேல் தகரக் கூரைக்குக் கீழே ஒரு பழைய சுவர் இருக்கிறது. அதற்குச் சீட்டுக் கிழிப்பது, தரை பெருக்குவது, பிள்ளைகள் விரல் படாமல் விரட்டுவது எல்லாம் அவள் வேலை. ஆயிரத்துச் சொச்சம் வருடத்துக்கு முன்னால் யாரோ அந்தச் சுவரில் ஒரு போரை வரைந்து வைத்திருக்கிறார்கள். சிறுத்தைத் தோல் போர்த்தியவர்கள் ஈட்டியோடு நிற்பார்கள், இறகு சூடியவர்கள் சரிந்துகொண்டிருப்பார்கள். ரத்தம் இன்றைக்கும் சிவப்பு. ஆனால் சத்தம் கிடையாது. அவ்வளவு பேரில் ஒருத்தனைத் தவிர யாரும் வாயைத் திறக்கவில்லை. அந்தக் குறையைப் போக்க, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் ஈட்டி பாயும் சத்தம், எலும்பு முறியும் சத்தம், ஓடுகிறவன் மூச்சு வாங்கும் சத்தம் எல்லாம் அவளே வாயால் போட்டுக் காட்டுவாள். பிள்ளைகள் கைதட்டும். மேலதிகாரி ஒருவர் வந்து, இதெல்லாம் கூடாது என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். எழுதின தாளால்தான் அவள் இப்போது மேசையைத் துடைக்கிறாள்.

சுவரின் இடது கீழ் மூலையில் ஒருவன் விழுந்து கிடப்பான். அவனுக்கு மட்டும் வாய் லேசாகத் திறந்திருக்கும். முகம் ஒருபுறம் சாய்ந்து, ஒரு முழங்கால் மடங்கி, வலது கை காயத்தைப் பொத்தாமல் விரிந்து கிடக்கும், யாரோ கொடுப்பதை வாங்கிக்கொள்ளப் போகிறவன் மாதிரி. மண்ணைத் தோண்டி அந்தச் சுவரை வெளியே எடுத்த கூலியாட்களில் அவள் அப்பாவும் ஒருவர். ஒரு நாள் பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அவளுக்கு ஒன்பது வயது, எவோதியோவுக்கு ஆறு. அவன் அந்த மூலையைவிட்டு நகரவில்லை.

“நிக்கா, இவரு எப்போ எந்திரிப்பாரு?”

“யாராச்சும் பேரு சொல்லிக் கூப்பிட்டா எந்திரிப்பாரு” என்றாள் அவள், ஊர்ப் போரை நினைத்துக்கொண்டு.

“இவரு பேரு என்ன?”

அவளுக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கும் தெரியவில்லை. பட்டணத்திலிருந்து வந்திருந்த, கண்ணாடி போட்ட ஆராய்ச்சிக்காரருக்கும் தெரியவில்லை. எவோதியோ அன்று சாயங்காலம் வரை அழுதான். அதற்குப் பிறகு அவன் குன்றுக்கு வந்ததே இல்லை. இன்றைக்கு ஒரு நாளைக்கு நாலு மாடு வெட்டுகிறவன் அவன்.

ஐந்தாம் தேதி காலை பள்ளத்தெருக்காரர்கள் வழக்கம்போல முகத்தில் கரியைப் பூசிக்கொண்டார்கள். நிக்கானோரா கொஞ்சம் தாராளமாகவே பூசிக்கொண்டு, தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டு, துண்டைக் கட்டிக்கொண்டு நீரூற்றுப் பக்கம் போய் நின்றாள். தோர்க்வாத்தோ மாதிரியே வயிற்றைத் தள்ளிக்கொண்டாள். அதற்குப் பெரிய சிரமம் எதுவும் தேவைப்படவில்லை.

கொம்பு ஊதியது. மேட்டிலிருந்து நீலக் கோட்டும் சிவப்புக் கால்சட்டையுமாகப் பிரெஞ்சுப் படை இறங்கியது. பாதிப் பேர் காலில் ஓட்டப்பந்தயச் செருப்பு. முன்னால் குதிரையில் எவோதியோ, இரண்டு பக்கமும் மீசை முறுக்கி, நெஞ்சு நிறையச் சோடா மூடிப் பதக்கங்களோடு வந்தான். பள்ளத்தெரு ஒரு கூச்சல் போட்டது பாருங்கள், மணிக்கூண்டுப் புறா அத்தனையும் எழும்பிவிட்டது. முதல் வரிசை வெடித்தது. அடுத்த கணம் சதுக்கத்தில் யாருக்கும் யாரையும் தெரியவில்லை. எல்லாம் வெள்ளைப் புகை. அழுகின முட்டை நாற்றம் தொண்டையில் இறங்கியது, கண் எரிந்தது, காதுக்குள் ஞொய் என்றது. நிக்கானோராவுக்குச் சந்தோஷத்தில் நெஞ்சு படபடவென்று அடித்தது. என்னதான் காகிதச் சுருள் என்றாலும் வெடிச்சத்தம் கேட்டதும் உடம்பு நம்பிவிடுகிறது.

பிரெஞ்சுக்காரர்கள் மோதின வேகத்தில் ஐஸ் விற்கும் உர்பானோவின் பீப்பாய் கவிழ்ந்தது. “டேய், நான் எந்தப் படையும் இல்லடா!” என்று அவர் கத்திக்கொண்டே எலுமிச்சை ஐஸை அள்ளினார். புகைக்குள் குதிரை கனைத்தது. சிவப்புத் துண்டு ஜெனரல் கண்ணில் பட்டது. டமார் என்று வானத்தைப் பார்த்து வெடித்தது துப்பாக்கி.

நிக்கானோரா விழுந்தாள். அம்மா என்று சொல்லவில்லை. தண்ணீர் கேட்கவில்லை. தொப்பியை முகத்தின்மேல் சரியவிட்டு, தலையை ஒருபுறம் சாய்த்து, ஒரு முழங்காலை மடக்கி, வலது கையை விரித்து, உள்ளங்கை மேலே பார்க்கப் போட்டுவிட்டாள். வாயை லேசாகத் திறந்து வைத்தாள்.

முதல் நிமிடத்திலேயே ஒரு விஷயம் தெரிந்தது. நிற்கிறவனுக்குக் கேட்கும் போர் வேறு, விழுந்தவனுக்குக் கேட்கும் போர் வேறு. மேலே வெடிச்சத்தம் எங்கோ போய்விட்டது. தரையில் அழுந்தின காதில் கால்கள்தான் கேட்டன. ஓடுகிற கால், தயங்குகிற கால், யாரோ ஒருவர் நொண்டுவது, குதிரைக் குளம்பு. மிதிபட்ட ஆரஞ்சுத் தோல் மணத்தது, குதிரைச் சாணம் மணத்தது. இடையில் கோயில் பக்கமிருந்து வறுத்த மிளகாயும் எள்ளும் சாக்லேட்டும் கலந்த மோலே வாசனை வந்து அவள் வயிற்றைக் கிள்ளியது. உர்பானோவின் பீப்பாயிலிருந்து உப்புப் போட்ட ஐஸ் தண்ணீர் கல்லிடுக்கு வழியாக ஓடி வந்து அவள் விரித்த கையின் கீழே தேங்கியது. நல்லவேளை, கையாவது குளுகுளுவென்று இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள். அந்தச் சுவர்க்காரனும் இப்படித்தான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்திருப்பான். இத்தனை வருடம் தப்புச் சத்தமல்லவா போட்டுக் காட்டிவிட்டேன், பிள்ளைகளுக்குக் கால் சத்தத்தை அல்லவா காட்டியிருக்க வேண்டும் என்று தோன்றியது.

பன்னிரண்டு மணிக்குப் பள்ளத்தெரு ஜெயித்தது. தோன்யா செஃபெரினாவின் விசில் ஊதியது. குதிரையிலிருந்து இறங்கின பூட்ஸ் கால்கள் நேராக அவளிடம் வந்தன. எவோதியோ முனகிக்கொண்டே மண்டியிட்டான்.

“தோர்க்வாத்தோ!” என்று கம்பீரமாகக் கூப்பிட்டான். “தோர்க்வாத்தோ!”

“என்னப்பா? இங்கதான இருக்கேன்” என்று அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

அவன் தொப்பியை எடுத்துப் பார்த்தான். கரிக்கு உள்ளேயிருந்து அக்கா முகம். சட்டென்று எழுந்துவிட்டான், முழங்கால் வலியெல்லாம் எங்கே போனதோ.

“இது செல்லாது” என்றான். “நான் சுட்டது தோர்க்வாத்தோவ.”

“நீ யாரைச் சுட்டேன்னு எனக்கு முக்கியமில்ல. விழுந்தது யாருன்னுதான் பாக்கணும்” என்றாள் தோன்யா செஃபெரினா. “பேரைச் சொல்லு.”

“அந்தம்மாவ எந்திரிக்கச் சொல்லுங்க.”

“அந்தம்மான்னு எந்தச் சாமியாரும் யாருக்கும் ஞானஸ்நானம் குடுக்கல. பேரைச் சொல்லு.”

“எழுதிக் குடுக்கறேன், நீங்க படிங்க.”

“ஏன், ஒனக்கு வாய்ல கட்டியா?”

ஜனம் சிரித்தது. சிரிப்பு என்றாலே எவோதியோவுக்கு உடம்பெல்லாம் விறைத்துக்கொள்ளும். கையைக் கட்டிக்கொண்டு நீரூற்றுத் திண்டில் உட்கார்ந்துவிட்டான். “நான் சொல்ல மாட்டேன். மாலை வரைக்கும் ஆனாலும் சரி.”

அரை மணி ஆனது. சமையல்காரப் பெண்கள் கரண்டியோடு வந்து நின்றார்கள். “மோலே அடிப்பிடிக்குது, எவோதியோ. இருவத்தேழு வான்கோழி. அதுங்களும் ஒரு தடவைதான் செத்துச்சு, ஒழுங்கா செத்துச்சு!” முக்கால் மணி ஆனது. பாண்டு வாத்தியக்காரர்கள் சாவு மெட்டு ஒன்றை எடுத்துவிட்டார்கள், பிணத்துக்கா தங்கள் வயிற்றுக்கா என்று தெரியவில்லை. பிரெஞ்சுப் படையிலேயே கலகம் கிளம்பியது. “ஜெனரல், பசிக்குது ஜெனரல்.” “அடுத்த வருஷம் மெக்சிகோ பக்கம் சேந்துடுவோம் ஜெனரல்.” அவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஃபிதென்சியோ வந்தான். கையில் தோல் வெட்டும் கத்தரிக்கோல். “மச்சான், என் மீசையில பாதிய நீயே வெட்டிக்கோ. வலது பக்கம் வேணுமா, எடது பக்கம் வேணுமா? கணக்குத் தீந்துடும்.”

“ஒன்மேல எனக்குக் கோவமே இல்ல மச்சான். பேசாமப் போ.”

நிக்கானோரா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்தாள். வெயில் இமைக்குள் சிவப்பாக எரிந்தது. எறும்பு ஒன்று கன்னத்தில் ஏறி, உதட்டோரம் நின்று யோசித்து, மூக்கைச் சுற்றிப் போனது. அசைந்தால் எல்லாம் போச்சு. ஊர்ப் பசியைக் கணக்குப் போட்டுவிட்டாளே தவிர, தம்பியின் பிடிவாதத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. பிடிவாதம் எங்கிருந்து வந்தது, அவளுக்கும் அதே அப்பாதானே. முதல் தடவையாகப் பயமாக இருந்தது. சொல்லவே மாட்டானோ? இத்தனை பேர் முன்னால், இருபத்தேழு வான்கோழி முன்னால், என் பெயர் அவனுக்கு அவ்வளவு கசக்கிறதா? பிணம் அழக் கூடாது என்று அடக்கிக்கொண்டாள்.

பூட்ஸ் சத்தம் கேட்டது. அவன் எழுந்து வந்து தலைமாட்டில் நின்றான். திட்டத்தான் வந்திருந்தான்.

“போதும், எந்திரி. ஊரே சிரிக்குது” என்றான் பல்லிடுக்கில்.

அவள் அசையவில்லை.

“எறும்பு கடிக்குதுல்ல? தெரியலையா?”

அசையவில்லை. அவள் காதுக்கு அவன் மூச்சு மாறுவது கேட்டது. அவன் பார்த்துக்கொண்டிருந்தான், சாய்ந்த தலையை, மடங்கின முழங்காலை, விரித்த உள்ளங்கையை, லேசாகத் திறந்த வாயை. இந்த ஊரில் ஒன்பது வருடமாகப் பிணம் என்றால் புல்கே கேட்கிற பிணம். இப்படிக் கிடந்த ஒரே ஒருவனைத்தான் அவன் வாழ்நாளில் பார்த்திருக்கிறான், ஆறு வயதில்.

“ஏய்” என்றான். குரலில் ஜெனரல் இல்லை. குனிந்து அவள் கையைத் தொட்டான்.

உப்பு ஐஸ் தண்ணீரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்த கை அது. நல்ல மே மாத வெயிலில் சில்லென்று விறைத்திருந்தது.

“நிக்கா?” என்றான். “நிக்கானோரா! ஐயோ, கை சில்லுன்னு இருக்கே! நிக்கானோரா! ஃபிதென்சியோ, ஓடி வாடா, டாக்டரக் கூப்பிடுங்கடா! மருந்து அதிகமாப் போட்டுட்டேனா? நான் மேலதான சுட்டேன்! நிக்கானோரா! அக்கா! எந்திரி அக்கா! நான்தான் எவோதியோ, பேரு சொல்றேன்ல, எந்திரிக்க மாட்டியா? நிக்கா!”

நாலு மாடு வெட்டுகிறவன் ஊர் நடுவே முழந்தாளிட்டு, அவள் தலையைத் தூக்கி நெஞ்சில் அணைத்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதான். சோடா மூடிப் பதக்கங்கள் அவள் காதில் குத்தின. விசிலை வாயில் வைத்துக்கொண்டு விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்த தோன்யா செஃபெரினாவுக்குக் கணக்குத் தப்பிவிட்டது. சமையல்காரப் பெண்கள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

மூன்றாவது தடவை பெயர் கேட்டதும் நிக்கானோரா எழுந்திருக்க வேண்டும், அதுதான் முறை. ஆனால் பதினோரு வருடப் பாக்கி ஒரே நேரத்தில் காதில் கொட்டுகிறது, யாருக்கு எழுந்திருக்க மனசு வரும்? இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரே ஒரு தடவை என்று கிடந்தாள். அது தப்புத்தான். தம்பி அழுவது தாங்க முடியாமல் கண்ணைத் திறக்கப் போனபோது, அவன் மீசையின் வலது முனை, வெடிமருந்துப் பொடி அப்பிக்கொண்ட முனை, அவள் மூக்குக்குள் நுழைந்தது.

அச்சூ என்று ஒரு தும்மல். மணிக்கூண்டில் வந்து உட்கார்ந்த புறாக்கள் மறுபடியும் எழும்பின.

எவோதியோ அப்படியே சிலையாகிவிட்டான். கரியும் கண்ணீரும் எச்சிலுமாக அவன் முகம். மீசையின் ஒரு பக்கம் தொங்கிப் போயிருந்தது, மறுபக்கம் முறுக்கியது முறுக்கியபடி நின்றது.

நிக்கானோரா அதைப் பார்த்தாள். வேண்டாம், வேண்டாம் என்று உள்ளே ஒரு குரல் கெஞ்சியது. உதட்டை மடித்துக் கடித்தாள். அடிவயிற்றிலிருந்து அது கிளம்பி, நெஞ்சைத் தாண்டி, தொண்டையில் முட்டி, வெளியே வந்தேவிட்டது. அதே சிரிப்பு. பதினோரு வருடத்துக்கு முன்னால் சதுக்கத்தை உலுக்கின அதே சிரிப்பு.

ஊரில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஃபிதென்சியோ கண்ணை மூடிக்கொண்டான். எவோதியோ மெதுவாகக் கையைத் தூக்கி மீசையைத் தடவிப் பார்த்தான். வலது பக்கம் தடவினான், இடது பக்கம் தடவினான்.

“மறுபடியும் பாதிதானா?” என்றான்.

“பாதிதான்” என்றாள் அவள், மூச்சு வாங்க.

அவன் முகம் கோணியது. அழப்போகிறானா அடிக்கப்போகிறானா என்று ஜனம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவளுடைய அதே சிரிப்பு, கொஞ்சம் கரகரப்பாக. அதே அப்பாதானே. இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ஈரத் தரையில் புரளாத குறையாகச் சிரித்தார்கள். அதற்கப்புறம் ஊர் எதற்குக் காத்திருக்கப் போகிறது? பிரெஞ்சும் மெக்சிகோவும் கலந்து கத்தின கத்தலில் பாண்டு தானாகவே நடன மெட்டுக்கு மாறிவிட்டது.

“மூணுக்கு மேல ஆயிடுச்சு, செல்லும்!” என்று தோன்யா செஃபெரினா விசில் ஊதினாள். “தூக்கு!”

எவோதியோ முதுகைக் காட்டினான். நிக்கானோரா ஏறிக்கொண்டாள். அவன் முழங்கால் இரண்டும் கடகடவென்று பேசின.

“கனக்கறியே. எலும்பு மட்டுமா தின்ன இத்தன வருஷமா?”

“ஒன் தராசு அளவாப் போட்டிருந்தா நான் ஏன் இப்படிக் கனக்கறேன்?”

“சிரிக்காத. செத்தவ செத்த மாதிரி இரு. விழுந்துடுவேன்.”

கோயிலுக்கு நூறு அடி இருந்தது. வாத்தியம் பின்னால் வந்தது, மோலே வாசனை முன்னால் கூப்பிட்டது. அவள் அவன் காதோரம் குனிந்து, “நாளைக்குக் குன்றுக்கு வா” என்றாள். “அவரை நீ பாத்து நாப்பத்து மூணு வருஷம் ஆச்சு.”

அவன் நடையைத் தளர்த்தினான். “இன்னும் படுத்துதான் கெடக்காரா?”

“படுத்துதான் கெடக்காரு. பேரு தெரிஞ்சவங்க யாரும் இன்னும் வரல.”

அவன் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, நழுவின அக்காவை ஒரு உந்து உந்தி மேலே ஏற்றிக்கொண்டான்.

“நிக்கா.”

“என்னடா?”

“ஒண்ணுமில்ல. சும்மா கூப்பிட்டேன்” என்று சொல்லிவிட்டு நடந்தான். பின்னால் ஊரே பசியோடு வந்துகொண்டிருந்தது.